விமானம் ஓட்டத் தெரிந்த வள்ளல்



அறிவியல் கண்காட்சிக்கு எங்க குழு ஒரு கிளைடர் மாதிரி வைக்கலாம்னு முடிவு செய்தோம். அன்னைக்கே சண்டை ஆரம்பிச்சிடுச்சு. ஒருத்தன் தெர்மாகோல் வாங்கி நாமளே வெட்டி ஒட்டலாம்ங்கிறான். இன்னொருத்தன், மதுரைக் கடையில் பெட்டியில் போட்டு விற்கிறாங்க, வாங்கிட்டு வந்து பாகங்களை மாட்டினா போதும்ங்கிறான். மூணாவது ஆள், லேப் பீரோ மேல இறக்கை ஒடிஞ்சு கிடக்கிற பழைய மாதிரியைச் சரி பண்ணலாமேன்னான். மூணு நாள் இதே பேச்சுதான். அறிவியல் சார் கேட்டுச் சிரித்துவிட்டு, நிஜ விமானங்களையே வாங்கி நடத்தியவர் நம்ம கோட்டையூரில் பிறந்திருக்கிறார், அவரைப் பற்றிப் படிங்கடா என்றார். அப்படிப் படித்ததைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

அவர் வேறு யாருமில்லை, வள்ளல் அழகப்பச் செட்டியார். காரைக்குடிக்குப் போகும்போதெல்லாம் அவர் பெயரைப் பலகைகளில் பார்க்கிறோம். ஆனால் அவருக்கு விமானம் ஓட்டத் தெரியும் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்குத் தெரியாது, உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

1909 ஏப்ரல் 6-ம் தேதி பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் எடுத்து எம்.ஏ. முடித்தபோது வயது 21. அந்தக் காலத்தில் செட்டிநாட்டுப் பிள்ளைகள் பெரும்பாலும் கணக்கு வழக்கு கற்றுக்கொண்டு பர்மாவுக்கோ மலாயாவுக்கோ கப்பலேறுவார்கள். இவர் லண்டனுக்குப் போய் பாரிஸ்டர் படித்தார். சார்ட்டர்ட் வங்கியில் பயிற்சி பெற்றார். இந்த இரண்டும் போதாதென்று, லண்டனுக்குத் தெற்கே உள்ள குராய்டனில் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டு சான்றிதழும் வாங்கிவிட்டார்.

குராய்டனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏன்னா அது அப்போது லண்டனின் முக்கிய விமான நிலையம். 1930 மே 5-ம் தேதி அங்கிருந்துதான் ஏமி ஜான்சன் என்ற பெண் தனியாக ஆஸ்திரேலியாவுக்குப் பறந்தார். மே 24-ல் டார்வின் நகரில் இறங்கினார். அவர் ஓட்டியது ஜிப்சி மாத் என்ற சின்ன விமானம். மரச்சட்டம், மேலே துணி, அவ்வளவுதான். இறக்கையைப் பின்பக்கமாக மடித்தால் கார் ஷெட்டுக்குள் அடங்கிவிடும். இதில் விசேஷம் என்னன்னா, அது புதுசு இல்லை. வேறொருவர் ஓட்டிய பழைய விமானத்தை வாங்கி, அதில்தான் அவ்வளவு தூரம் போனார்.

சொந்தமாகவே கட்டியவர்களும் உண்டு. பிரான்சில் ஆன்ரி மின்யே என்பவர் வீட்டிலேயே செய்துகொள்ளும் குட்டி விமானம் ஒன்றை வடிவமைத்து, எப்படிச் செய்வது என்று 1934-ல் புத்தகமே போட்டார். அதன் பெயருக்கு 'வானத்துப் பூச்சி' என்று அர்த்தம். மோட்டார் சைக்கிள் இன்ஜினை மாட்டிக்கூடப் பலர் பறந்து பார்த்தார்கள். ஆனால் மூக்கு கீழே சாய்ந்து வேகமாக இறங்கினால் மறுபடி நிமிர்த்த முடியாத குறை அதில் இருந்தது. சிலர் செத்துப்போன பிறகுதான் அது தெரிந்தது, தடையும் வந்தது. நம்ம தெர்மாகோல் கட்சிக்காரன் இதைப் படித்ததும் கொஞ்ச நேரம் பேசவேயில்லை.

ஊர் திரும்பிய அழகப்பர் தனக்கென்று ஒரு குட்டி விமானம் கட்டிக்கொண்டு சுற்றவில்லை. தொழிலில் இறங்கினார். 1937-ல் திருச்சூர் பக்கத்தில் கொச்சின் டெக்ஸ்டைல்ஸ் என்ற ஆலையைத் தொடங்கினார்; அந்த இடத்துக்கு இன்றைக்கும் அழகப்பா நகர் என்றுதான் பெயர். 1945-ல் ஆங்கில அரசு சர் பட்டம் கொடுத்தது. பிறகு அதையும் விட்டுவிட்டார்.

இரண்டாம் உலகப்போர் முடிந்தது. அமெரிக்க ராணுவம் இந்தியாவில் விட்டுப்போன டகோட்டா விமானங்கள் விற்பனைக்கு வந்தன. நாடு முழுக்க ஆளாளுக்கு விமானக் கம்பெனி தொடங்க ஆசைப்பட்டார்கள். அழகப்பரும் சென்னையில் ஜூபிடர் ஏர்வேஸ் என்ற கம்பெனியைத் தொடங்கினார்.

அப்போது எப்படி யோசித்திருப்பார்கள் என்று பாருங்க. பயணிகள் விமானத்தை இந்தியாவிலேயே கட்ட அன்றைக்கு வழியில்லை. நம் நாட்டிலேயே வடிவமைத்த முதல் விமானமான ஹெச்.டி.-2 பறந்ததே 1951-ல்தான், அதுவும் பயிற்சி விமானம். வெளிநாட்டில் வைக்கிங் போன்ற புது விமானம் வாங்கலாம், ஏர் இந்தியா வாங்கியது, ஆனால் விலை எக்கச்சக்கம். மிஞ்சியது, பழைய டகோட்டாவை வாங்கிச் சரி பண்ணுவது.

சரி பண்ணுவது என்றால் பெயிண்ட் அடிப்பது மட்டும் இல்லை. ராணுவ டகோட்டா மூட்டையும் சிப்பாயும் ஏற்றுவதற்கானது. உள்ளே பக்கவாட்டில் நீள பெஞ்சுதான் இருக்கும். அதைக் கழற்றிவிட்டு 20, 25 இருக்கைகளை முன்பார்த்து வைக்கணும். சத்தம் உள்ளே வராமல் சுவருக்கு உறை போடணும். உடம்பு முழுக்க அலுமினியம் என்பதால் எங்கே அரித்திருக்கிறது என்று ஒவ்வொரு தகடாகப் பார்க்கணும். ஒவ்வொன்றும் 1,200 குதிரைசக்தி உள்ள இரண்டு இன்ஜின்களையும் பிரித்துப் பூட்டணும். அதன் பிறகுதான் பறக்கத் தகுதி உள்ளது என்ற சான்று கிடைக்கும். இந்த வேலையைப் பெரிய அளவில் செய்தது பெங்களூர் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை. இப்படிப்பட்ட தனியார் டகோட்டாக்கள்தான் 1947 அக்டோபரில் விமானப்படையோடு சேர்ந்து காஷ்மீருக்குச் சிப்பாய்களைக் கொண்டுபோயின.

ஜூபிடர் விமானங்கள் சென்னையிலிருந்து தில்லிக்குப் பறந்தன. ஆனால் கம்பெனி நிலைக்கவில்லை. இவருடையது மட்டும் இல்லை, பல கம்பெனிகள் தடுமாறின. விமானம் மலிவாகக் கிடைத்ததால் கம்பெனிகள் பெருகிவிட்டன. டிக்கெட் வாங்க ஆள் பெருகவில்லை. பெட்ரோலுக்கும் பராமரிப்புக்கும் மட்டும் காசு போய்க்கொண்டே இருந்தது. 1953 ஆகஸ்ட் 1-ல் அரசு எட்டுக் கம்பெனிகளை எடுத்து இந்தியன் ஏர்லைன்ஸ் ஆக்கியபோது அந்த எட்டில் ஜூபிடர் இல்லை, அதற்கு முன்பே நின்றுவிட்டது.

இதே சமயத்தில்தான் அவர் இன்னொரு பக்கமும் பணத்தைப் போட்டுக்கொண்டிருந்தார். 1947 ஜூலை 3-ம் தேதி சென்னையில் அன்னி பெசன்ட் நூற்றாண்டுக் கூட்டம். பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ.எல். முதலியார், வசதி உள்ளவர்கள் கல்லூரி தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். கூட்டத்தில் இருந்த அழகப்பர் அங்கேயே எழுந்து காரைக்குடியில் கல்லூரி தொடங்குவதாகச் சொல்லி ஒரு லட்சம் ரூபாயும் அறிவித்தார். அடுத்த மாதமே கல்லூரி திறந்தாச்சு! புதுக் கட்டடம் எழும்பட்டும் என்று காத்திருக்கவில்லை. காரைக்குடியில் இருந்த காந்தி மாளிகையிலேயே வகுப்பு ஆரம்பித்தது. இந்த இடத்தைப் படித்தபோது எனக்கு டகோட்டாதான் ஞாபகம் வந்தது.

அதற்கப்புறம் நிற்கவேயில்லை. மத்திய மின்வேதியியல் ஆய்வகம் (நம்ம ஊரில் சிக்ரி என்பார்கள்) காரைக்குடிக்கு வர 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25-ல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14, பொங்கலன்று டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். இடையில் 1952-ல் பொறியியல் கல்லூரியும் வந்துவிட்டது. பெரிய ஊர்களெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த ஆய்வகம், பொட்டல்காடாக இருந்த இடத்துக்கு வந்ததை நினைத்தால் இன்றைக்கும் ஆச்சரியமாக இருக்கிறது.

இவ்வளவும் செய்தபோது உடல் நன்றாக இல்லை. கடைசி வருடங்களில் கடுமையான நோயோடுதான் அலைந்து வேலை பார்த்தார். விமானம் ஓட்டிய கை அது. 1956-ல் பத்மபூஷண் கிடைத்தது. 1957 ஏப்ரல் 5-ம் தேதி காலமானார். மறுநாள் அவருக்கு 48 வயது முடிந்திருக்கும்.

அவர் தொடங்கிய கல்லூரிகளின் வழியாக 1985-ல் அழகப்பா பல்கலைக்கழகம் வந்தது. நம்ம பள்ளியில் படித்த அண்ணன்கள், அக்காக்கள் பல பேர் அங்கேதான் படித்தார்கள், காலையில் அமராவதிபுதூர் பஸ்ஸில் நின்றுகொண்டே போய்.

எங்க கிளைடர் என்ன ஆச்சுன்னு கேட்பீங்க. பீரோ மேல இருந்த பழசைத்தான் இறக்கினோம். இறக்கைக்கு மட்டும் புது அட்டை. வால் பக்கம் கனம் கூடிப்போய் முதல் தடவை நேரா அறிவியல் சார் மேஜையில் மோதியது. மூக்கில் களிமண் வைத்த பிறகு பறக்கிறது. லேப்பில் வந்து பார்க்கலாம்.