ஒரு வருட வருமானமும் ஒரு மொழியும்

ஹங்கேரி நாட்டின் தலைநகரான புடாபெஸ்ட், டானியூப் நதியின் இரு கரைகளிலும் பரந்து கிடக்கும் பழம்பெரும் நகரம். அந்த நதிக்கரையில் ஹங்கேரிய அறிவியல் கழகத்தின் மாளிகை நிற்கிறது. அதன் பக்கச் சுவரில், வீதியால் செல்வோர் கண்ணில் படும்படியாக, ஒரு நினைவுச் சிற்பம் பதிக்கப்பட்டுள்ளது. பர்னபாஸ் ஹொல்லோ என்னும் சிற்பி 1893இல் அதை உருவாக்கினார். போரில் வென்ற தளபதிகளுக்கும் முடிசூடிய மன்னர்களுக்கும் உலகெங்கும் சின்னங்கள் உண்டு. இந்தச் சிற்பமோ, ஒரு பிரபு தன் செல்வத்தைத் தாய்மொழிக்காகக் கொடுத்த நிகழ்வை நினைவூட்டுகிறது. அவர்தான் இஸ்த்வான் சேச்செனி.

1791 செப்டெம்பர் 21ஆம் திகதி வியன்னா நகரில் சேச்செனி பிறந்தார். அவருடைய தந்தை தன் நூல்களை நாட்டுக்குக் கொடுத்து, 1802இல் ஹங்கேரிய தேசிய நூலகம் தோன்றக் காரணமானவர். மகனோ இளமையில் படைவீரரானார். நெப்போலியனுக்கு எதிரான போர்களில் பங்கேற்றார். பின்னர் ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் பயணம் செய்தார். இங்கிலாந்தின் இயந்திரங்களையும் பாதைகளையும் பார்த்தபோது, தன் நாடு எவ்வளவு பின்தங்கிக் கிடக்கிறது என்பது அவருக்குப் புரிந்தது.

அக்காலத்தில் ஹங்கேரி, ஹப்ஸ்பேர்க் பேரரசின் கீழ் இருந்தது. சட்டமும் ஆட்சியும் இலத்தீன் மொழியில் நடந்தன. பிரபுக்களின் வீடுகளில் ஜேர்மன் மொழி ஒலித்தது. ஹங்கேரிய மொழி பெரும்பாலும் சாதாரண மக்களின் மொழியாகவே கருதப்பட்டது. சேச்செனியும் தன் நாட்குறிப்பைப் பெரும்பாலும் ஜேர்மன் மொழியிலேயே எழுதினார். தாய்மொழியில் சரளமாகப் பேச அவர் முயன்று பழக வேண்டியிருந்தது. இருந்தும் 1825 ஒக்டோபரில் மேற்சபையில் இலத்தீனை விட்டு ஹங்கேரிய மொழியில் பேசி எல்லோரையும் வியக்க வைத்தார்.

அடுத்த மாதம், நவம்பர் 3ஆம் திகதி, இன்று ஸ்லோவாக்கியாவின் தலைநகராக உள்ள பிரட்டிஸ்லாவாவில் பிரதிநிதிகள் கூடியிருந்தனர். தாய்மொழியை வளர்க்க ஒரு கழகம் தேவை என்று எல்லோரும் பேசினார்கள். ஆனால் அதற்குப் பணம் வேண்டுமே! பெரும் செல்வந்தர்கள் மொழியைக் கைவிட்டுவிட்டார்கள் என்று ஒரு பிரதிநிதி கடுமையாகக் குறை கூறினார். அப்போது, அந்தச் சபையின் உறுப்பினராக இல்லாத சேச்செனி எழுந்தார். தன் நிலங்களிலிருந்து கிடைக்கும் ஒரு வருட வருமானம் முழுவதையும் கழகத்துக்குத் தருவதாக அறிவித்தார். அது 60,000 ஃபொரின்ட். அப்போது அவருக்கு வயது 34. அவரைத் தொடர்ந்து வேறு மூவரும் பெருந்தொகைகளை அறிவித்தனர். இப்படித்தான் ஹங்கேரிய அறிவியல் கழகம் உருவானது.

கொடுத்ததோடு அவர் ஓய்ந்துவிடவில்லை. அவர் கடன் கேட்டபோது வியன்னா வங்கி ஒன்று மறுத்தது. பிரபுக்களின் பரம்பரை நிலத்தை விற்க முடியாதபடி 1351ஆம் ஆண்டின் பழைய சட்டம் தடுத்திருந்தது. ஆகவே அந்நிலத்தை நம்பி யாரும் கடன் கொடுக்க முன்வரவில்லை. தன் வகுப்பாரைக் காக்கும் சலுகையே நாட்டை வறுமையில் வைத்திருக்கிறது என்று அவர் உணர்ந்தார். 1830இல் கடன் பற்றி ஒரு நூலே எழுதினார். பிரபுக்கள் பலர் அதை வெறுத்தனர். இளைஞர்களோ ஆவலுடன் படித்தனர்.

1820இன் இறுதியில் தந்தை இறந்த செய்தி கிடைத்தபோது, டானியூபில் பனிக்கட்டிகள் மிதந்ததால் ஆற்றைக் கடக்க முடியாமல் அவர் பல நாட்கள் காத்திருந்தார். புடா, பெஸ்ட் ஆகிய இரு நகரங்களையும் இணைக்க நிரந்தரப் பாலம் வேண்டும் என்று அவர் பின்னர் இடைவிடாது பாடுபட்டார். அந்தப் பாலத்தைக் கடக்கப் பிரபுக்களும் ஏழைகளைப் போலவே கட்டணம் செலுத்த வேண்டும் என்று சட்டம் வந்தது. அதுவரை வரி எதுவும் செலுத்தாத வகுப்பாருக்கு அது பேரதிர்ச்சி! ஆங்கிலப் பொறியியலாளர் வில்லியம் கிளார்க் வரைந்த திட்டப்படி, ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த ஆடம் கிளார்க்கின் மேற்பார்வையில் பாலம் எழுந்தது. இருவரும் உறவினர் அல்லர்.

1848இல் சேச்செனி பொதுப்பணி, போக்குவரத்து அமைச்சரானார். ஆனால் வியன்னாவுடன் போர் மூளும் நிலை வந்தபோது, தன் நாடு அழிந்துவிடுமோ என்ற அச்சம் அவர் மனதை உடைத்தது. அவ்வருடம் செப்டெம்பரில் வியன்னாவுக்கு அருகிலுள்ள மனநல மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டார். 1849 நவம்பர் 20ஆம் திகதி சங்கிலிப் பாலம் திறக்கப்பட்டபோது அவர் அங்கேதான் இருந்தார். தான் கனவு கண்ட பாலத்தில் அவர் ஒருமுறைகூட நடக்கவில்லை. 1860 ஏப்ரல் 8ஆம் திகதி அந்த மருத்துவமனையிலேயே அவர் வாழ்வு துயரமாக முடிந்தது.

அரசியலில் அவரோடு கடுமையாக மோதிய கொசூத் என்ற தலைவரே, அவரை ஹங்கேரியர்களில் மிகப் பெரியவர் என்று புகழ்ந்திருக்கிறார். எதிர்த்தவரே தந்த அந்தப் பட்டம் இன்றும் அவருக்கு நிலைத்திருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் 1945இல் தகர்க்கப்பட்ட பாலத்தை, சரியாக நூறாவது ஆண்டு நிறைவில் மக்கள் மீண்டும் கட்டித் திறந்தார்கள்.

மொழியைப் பற்றிப் பெருமையாகப் பேச எல்லோராலும் முடியும். அன்று சபையில் இருந்த பலரும் அதைத்தான் செய்தார்கள். தன்னிடம் இருந்ததை எடுத்து வைத்த பிறகுதான் பேச்சு செயலானது. தாய்மொழியில் தடுமாறிய ஒருவரே அதற்கு முதலில் கொடுத்தார் என்பது நம் எல்லோருக்கும் நம்பிக்கை தரும் செய்தியல்லவா? நம்மிடம் பெரும் நிலங்கள் இல்லாதிருக்கலாம். நேரம் இருக்கிறது, கற்ற கல்வி இருக்கிறது. அவற்றில் எதை, யாருக்காகக் கொடுக்கப் போகிறோம் என்பதே அவர் வாழ்வு நம்மிடம் கேட்கும் கேள்வி.