ஆளைக் கொன்ற ஆட்டத்துக்கு வைத்தியம் பார்த்த டாக்டர்!

எலும்பை உடைக்கும் விளையாட்டைச் சொல்லிக் கொடுத்தவரும் அவரே. நோயாளிக்கு நாடி பார்த்தவரும் அவரே. அமெரிக்காவில் அப்படி வாழ்ந்தவர்தான் டாக்டர் ஹென்றி வில்லியம்ஸ்.

அமெரிக்க ஃபுட்பால் என்பது நம்ம ஊர் கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒருவன் ஓடுவான். எதிராளிகள் மேலே விழுந்து அமுக்குவார்கள்.

1869-ல் ஹார்ட்ஃபோர்டு நகரில் பிறந்தார் வில்லியம்ஸ். யேல் பல்கலைக்கழகத்தில் ஃபுட்பால் ஆடினார். தடை தாண்டும் ஓட்டத்திலும் கில்லாடி. 1891-ல் படிப்பை முடித்து, நியூபர்க்கில் வாத்தியார் ஆனார். பக்கத்தில் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரி. அந்தப் பையன்கள் முந்தின வருஷம் கடற்படைக் கல்லூரியிடம் 24-0 என்று மண்ணைக் கவ்வியவர்கள். வில்லியம்ஸ் போய்ப் பயிற்சி கொடுத்தார். அந்த வருஷமே 32-16 என்று பழி தீர்த்தார்கள்!

அப்புறம் டாக்டர் படிப்பு. 1895-ல் பென்சில்வேனியாவில் பட்டம். 1900-ல் மினசோட்டா பல்கலைக்கழகம் கூப்பிட்டது. வைத்தியம் ஒரு பக்கம், கோச் வேலை ஒரு பக்கம். 22 வருஷம் அங்கே கோச்!

ஜாடி வந்த கதை

1903 அக்டோபர் 31. எதிரே மிச்சிகன். முந்தின இரண்டு வருஷமும் ஒரு ஆட்டம்கூடத் தோற்காத அசுரர்கள். அவர்களை டாக்டரின் பையன்கள் 6-6 என்று மடக்கிவிட்டார்கள். ஜனங்கள் மைதானத்துக்குள் புகுந்த களேபரத்தில், மிச்சிகன்காரர்கள் தண்ணீர் ஜாடியை விட்டுவிட்டுப் போனார்கள். விலை 30 சென்ட்! இன்றைக்கும் இந்த இரண்டு அணிகளும் மோதினால் ஜெயித்தவருக்கு அந்த ஜாடிதான் பரிசு.

சாவு மேல் சாவு

அந்தக் காலத்து ஆட்டம் அடிதடிதான். கும்பலாகச் சேர்ந்து பாய்ந்து மோதுவார்கள். 1905-ல் மட்டும் சுமார் 18 பேர் செத்ததாகப் பத்திரிகைக் கணக்கு. ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டே பெரிய கல்லூரிக்காரர்களை வெள்ளை மாளிகைக்குக் கூப்பிட்டுப் பேசினார். கொலம்பியா பல்கலைக்கழகம் ஆட்டத்தையே நிறுத்திவிட்டது.

விதிகளைத் திருத்தக் கமிட்டி கூடியது. அதில் டாக்டரும் உண்டு. பந்தை முன்பக்கமாக எறிய அனுமதிக்க வேண்டும் என்று அவர் வாதாடினார். பந்து தூரமாகப் பறந்தால் ஆட்டம் அகலும். ஒரே இடத்தில் குவிகிற கும்பல் கலையும். யேல் காலத்துக் குருவான வால்ட்டர் கேம்ப்புக்கு இது பிடிக்கவில்லை. சிஷ்யர் விடவில்லை. 1906-ல் விதி மாறியது.

சாவு அதோடு நின்றதா? இல்லை. 1909-ல் மறுபடி பல பையன்கள் போனார்கள். 1910-ல் விதிகளை இன்னும் இறுக்கினார்கள். ஆனால் அன்று எறியத் தொடங்கிய பந்துதான் இன்றைய அமெரிக்க ஃபுட்பாலுக்கே உயிர்.

மினசோட்டாவில் டாக்டர் கணக்கு: 136 வெற்றி, 33 தோல்வி, 11 சமம். ஆனாலும் கடைசி இரண்டு வருஷம் சறுக்கியதும், 1921-உடன் கோச் வேலை போயிற்று.

1931-ல், 61 வயதில் மினியாபொலிஸில் காலமானார். 1950-ல் பல்கலைக்கழகம் ஒரு பெரிய அரங்குக்கு அவர் பெயரைச் சூட்டியது. அதில் வேடிக்கை, அங்கே ஆடுவது கூடைப்பந்து!