குடிப்பெயரால் நின்ற புலவர்

இயற்பெயர் மறைந்து, ஊர்ப்பெயராலோ குடிப்பெயராலோ நிலைபெற்ற புலவர் தமிழில் பலர். பூவிருந்தவல்லிக்குத் தெற்கேயுள்ள குன்றத்தூரில் தோன்றிப் பெரிய புராணம் பாடிய சேக்கிழார் அவர்களுள் ஒருவர். சேக்கிழார் என்பது அவர்க்கு இட்ட பெயரன்று. தொண்டை நாட்டு வேளாளர் குடிகளுள் ஒன்றன் பெயர். எனவே அவர் வாழ்வை அறிய விழைவோர் ஒரு குடியின் வழியையே தேடிச் செல்ல வேண்டியுள்ளது.

அத்தேடலுக்கு முதற்சான்று, உமாபதி சிவாசாரியார் பெயரால் வழங்கும் சேக்கிழார் புராணம். புலவரின் இயற்பெயர் அருண்மொழித்தேவர்; தம்பியார் பாலறாவாயர் என்கிறது அந்நூல். அருண்மொழி என்பது முதலாம் இராசராசனின் இயற்பெயர். பாலறாவாயர் என்பது ஞானசம்பந்தரை நினைவூட்டும் பெயர். ஒரு பிள்ளைக்கு அரசன் பெயரும் மற்றொரு பிள்ளைக்கு அடியார் பெயரும் வாய்த்த இல்லம் அது. அநபாயனிடம் அமைச்சராகி உத்தம சோழப் பல்லவர் என்ற பட்டம் பெற்ற அருண்மொழித்தேவர், சோழ நாட்டுத் திருநாகேச்சரத்தின்மீது கொண்ட பற்றினால் குன்றத்தூரிலும் அப்பெயரால் ஒரு கோயில் எடுத்தார். சிந்தாமணியில் ஈடுபட்டிருந்த மன்னனை அடியார் வரலாற்றின்பால் திருப்பினார். தில்லையில் தங்கிக் காப்பியத்தை முடித்தார். மன்னன் அவரை யானைமீது ஏற்றித் தானே கவரி வீசினான். புலவர் துறந்த அரசுப்பணியைத் தம்பியார் ஏற்றார்.

இரண்டாவது சான்று கல்வெட்டு. அநபாயன் என்பவன் 1133 முதல் 1150 வரை ஆண்ட இரண்டாம் குலோத்துங்கன் என்பது ஆய்வாளர் பலர் முடிவு. அவன் மகன் இரண்டாம் இராசராசன் காலத்துத் திருமழபாடிக் கல்வெட்டொன்று, குன்றத்தூர்ச் சேக்கிழான் மாதேவடிகள் இராமதேவனான உத்தமசோழப் பல்லவராயன் என்பவரைக் குறிக்கிறது. ஊர் பொருந்துகிறது, குடி பொருந்துகிறது, பட்டமும் பொருந்துகிறது. இயற்பெயர் மட்டும் பொருந்தவில்லை.

இராமதேவனே புலவர் என்பார் ஒரு சாரார். அப்பட்டம் தாங்கிய உறவினர் என்பார் மற்றொரு சாரார். புராணத்தையும் கல்வெட்டையும் ஒருங்கு வைத்து ஆராய்ந்தவருள் மா. இராசமாணிக்கனார் குறிப்பிடத்தக்கவர். ஒன்றைக் கொண்டு மற்றொன்றை அழித்துவிடுதல் எளிது. ஆயின் இரண்டும் சொல்ல வந்தவை வேறு. கல்வெட்டு கொடையைப் பதிந்தது. கொடுத்தவர் பாடியவரா என்பது அதற்கு வேண்டாத செய்தி. புராணம் பாடியவரைப் போற்றியது. அவர் தந்த கொடைகளைக் கணக்கிடுவது அதன் நோக்கமன்று. இயற்பெயர் ஐயத்திற்கு இடமாயினும், குன்றத்தூர்ச் சேக்கிழார் குடியினர் சோழர் ஆட்சியில் பல்லவராயப் பட்டம் தாங்கி விளங்கினர் என்பதற்குக் கல்லே சான்று. உடன்பிறந்தார் இருவரின் பிணைப்பைக் காத்துத் தந்தது புராணம்.

தனியடியார் அறுபத்துமூவரைப் பாடியவர், ஒவ்வொருவர்க்கும் கிடைத்த அளவில் ஊரும் குலமும் தேடித் தந்தார். தம் மன்னனைப் பல இடங்களில் பெயர் சுட்டிப் போற்றினார். தம் பெயரையோ, தந்தை பெயரையோ ஓரிடத்தும் வைத்தாரில்லை. குன்றத்தூர்த் திருநாகேச்சரத்தில் இன்று அவருக்கும் சந்நிதி உண்டு. பலர்க்கு உரியதாயிருந்த குடிப்பெயர் இன்று அவரொருவரையே குறிக்கிறது.