எழுத்துகளை எண்ணிய கணித மேதை

தேடுபொறியில் ஒருவர் ‘பல்ளி ஆசிரியர்’ என்று தட்டச்சு செய்கிறார். அவர் தேடுவது பல்லியா, பள்ளியா? அவர் தட்டச்சு செய்ததற்கும் இவை ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்துதான் வேறுபாடு. பக்கத்தில் உள்ள ‘ஆசிரியர்’ என்ற சொல்லைக் கொண்டு ‘பள்ளி’ என்று கணினி முடிவு செய்கிறது. இந்த முறைக்கு வித்திட்டவர்களுள் ஒருவர், கணினியையே கண்டிராத ரஷ்யக் கணித மேதை ஆந்திரே மார்க்கோவ். கணினி அறிவியல் பயிலும் எனக்கு அவர் முதலில் ஒரு சூத்திரத்தின் பெயராகத்தான் அறிமுகமானார். அவரது வாழ்க்கை அதைவிடச் சுவையானது.

மார்க்கோவ் 1856இல் ரியாசான் நகரில் பிறந்தார். கால் நோயால் பத்து வயது வரை ஊன்றுகோலின் துணையோடுதான் நடந்தார். பள்ளியில் கணிதத்தைத் தவிர மற்ற பாடங்களில் அவர் சோபிக்கவில்லை. செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் புகழ்பெற்ற செபிஷேவிடம் பயின்று, பின்னர் அங்கேயே பேராசிரியரானார்.

அவர் அதிகாரத்துக்கு அஞ்சாதவர். 1908இல் மாணவர் கிளர்ச்சியை அடுத்து, மாணவர்களைக் கண்காணிக்கும்படி பேராசிரியர்களுக்கு அரசு உத்தரவிட்டது. மார்க்கோவ் மறுத்துவிட்டார்.

கணிதத்திலும் அதே பிடிவாதம்தான். நிகழ்வுகள் ஒன்றையொன்று சாராதிருந்தால்தான் பேரெண் விதி பொருந்தும் என்று நெக்ராசோவ் என்ற கணித அறிஞர் வாதிட்டார். ஒன்றையொன்று சார்ந்த நிகழ்வுகளுக்கும் அது பொருந்தும் என்று 1906இல் மார்க்கோவ் நிறுவினார். 1913இல் அதற்கு ஓர் எடுத்துக்காட்டும் தந்தார். புஷ்கினின் ‘யூஜின் ஒனேகின்’ காவியத்திலிருந்து 20,000 எழுத்துகளை எடுத்து, கையாலேயே எண்ணினார். அவற்றில் 8,638 உயிரெழுத்துகள். அதாவது நூற்றுக்குச் சுமார் 43. ஆனால் ஓர் உயிரெழுத்தை அடுத்து இன்னோர் உயிரெழுத்து வருவது நூற்றுக்கு 13 முறைதான். மெய்யெழுத்தை அடுத்து வருவதோ 66 முறை. முன்னே நிற்கும் எழுத்து, அடுத்து வருவதைப் பற்றித் துப்புக் கொடுக்கிறது!

எழுத்துக்குப் பதில் சொல்லை வைத்தால், அதுவே பிழைதிருத்தத்தின் அடிப்படை. ஆனால் அதை அளவோடு பயன்படுத்த வேண்டும். எண்ணிக்கைக்கு அதிக மதிப்புக் கொடுத்தால், ‘பல்லி’ என்று சரியாகவே எழுதியவருக்கும் ‘பள்ளி’தான் கிடைக்கும். குறைவாகக் கொடுத்தால் பிழை அப்படியே நிற்கும். இந்தச் சமநிலையைக் கண்டறிவதுதான் பொறியாளரின் வேலை.

1917இல் மார்க்கோவ் சராய்ஸ்க் என்ற சிற்றூருக்குச் சென்று, அங்குள்ள உயர்நிலைப் பள்ளியில் ஊதியமின்றிக் கணிதம் கற்பித்தார். 1922இல் காலமானார்.

அவரது வாழ்க்கையைப் படித்தபோது எனக்குத் தமிழ்தான் நினைவுக்கு வந்தது. கணினி எண்ணிப் பார்க்கும் எழுத்தில் ‘செம்பனை’ போன்ற நம் வட்டாரச் சொல் அரிதாக இருந்தால், அதைப் பிழை என்றே அது கருதக்கூடும். எனவே நண்பர்களே, இணையத்தில் தமிழில் நிறைய எழுதுவோம். நாம் எழுதினால்தானே கணினிக்கு எண்ணுவதற்கு ஏதாவது இருக்கும்!