ழான் தெ ழுவான்வில்

உயர்குடிப் பிறப்புப் பெருமை தருவதேயாயினும், அப்பிறப்பிற்குரிய கடன் யாதென அறிந்து ஒழுகுவோரே தம் குடிக்கு விளக்காவர். பிரான்சு தேசத்தில் பதின்மூன்றாம் நூற்றாண்டில் விளங்கிய ழான் தெ ழுவான்வில் பிரபுவின் வரலாற்றை ஆராயுமிடத்து இவ்வுண்மை நமக்கு இனிது புலனாகும்.

ஷாம்பாஞ் நாட்டில் மார்ன் ஆற்றங்கரையிலுள்ள ழுவான்வில் என்னும் ஊரே இவர்தம் முன்னோரின் உறைவிடம். அந்நாட்டுக் கோமகனின் அரண்மனையை மேற்பார்க்கும் செனஷல் பதவி இக்குடிக்கு வழிவழி உரியது. சிலுவைப்போருக்குச் செல்லுதலும் இவர்களுக்குக் குலவழக்கமேயாயிற்று. இவருடைய பாட்டனார் நான்காம் ழொப்ருவா 1190-இல் ஆக்கர் முற்றுகையின்போது உயிர் துறந்தார். பெரிய தந்தையார் ஐந்தாம் ழொப்ருவா சிரியா தேசத்துக் கிராக் கோட்டையில் மாண்டார். தந்தையார் சீமோன் எகிப்தின் தமியெட்டாவிற் பொருது மீண்டவர். தாயார் பேயாத்ரிஸ் பர்கண்டி நாட்டு உயர்குடியினர். 1225-ஆம் ஆண்டளவிற் பிறந்த ழான், 1233-இல் தந்தையை இழந்து இளமையிலேயே குலத்தலைவரானார்.

1248-இல் ஒன்பதாம் லூயி மன்னர் சிலுவைப்போர் மேற்கொண்டபோது ழானும் உடன்செல்லத் துணிந்தார். புறப்படுமுன் தம் குடிகளை அழைத்து, தம்மால் எவர்க்கேனும் தீங்கு நேர்ந்திருப்பின் கூறுமாறு வேண்டினார். தம் முகம் நோக்கி அவர்கள் அஞ்சாதிருத்தற்பொருட்டு அவைவிட்டு விலகி நின்று, அவர்கள் தீர்த்தபடியே ஈடு செய்தார். பிறர் பொருள் ஒரு காசும் தம்முடன் வருதலாகாதெனக் கருதி, நிலங்களை ஈடுவைத்து வழிச்செலவு தேடினார். பின்னர் வெறுங்காலுடன் அருகிலுள்ள திருத்தலங்களை வணங்கச் சென்றவர், தம் கோட்டையையும் இரு மக்களையும் எண்ணி நெஞ்சு நெகிழுமென்று திரும்பியும் பார்த்தாரில்லை.

1249-இல் தமியெட்டா வீழ்ந்தது. ஆயினும் மறு ஆண்டில் மன்சூராப் போருக்குப்பின் நோயும் பசியும் படையை நலிய, மன்னரும் ழானும் எகிப்தியர் கையிற் சிறைப்பட்டனர். மீட்புப்பொருள் தந்து விடுதலை பெற்று ஆக்கர் சேர்ந்தபின், தாயகம் திரும்புவதா என மன்னர் அவையைக் கூட்டி வினவினார். பிரபுக்களிற் பெரும்பாலார் திரும்புதலே தக்கதென்றனர். ழானோ, எளிய மக்கள் இன்னும் சிறையில் வாடுகையில் அவர்களைக் கைவிட்டுச் செல்லுதல் வீரர்க்கு இழுக்கென வாதித்தார். பலர் அவரை இகழ்ந்தனராயினும் மன்னர் தங்கவே துணிந்தார். 1254-இல் இருவரும் தாயகம் அடைந்தனர். பெரிய தந்தையாரின் கேடயத்தைக் கிராக் கோட்டையினின்று கொணர்ந்து தம் ஊர்த் தேவாலயத்தில் தொங்கவிட்டார் ழான்.

1267-இல் மன்னர் மீண்டும் சிலுவை தரித்து ழானை அழைத்தார். அவர் மறுத்துவிட்டார். தாம் கடல்கடந்திருந்த காலத்து அரசாங்க அலுவலர் தம் குடிகளைக் கொடுமைசெய்து வறியராக்கினரென்றும், இனித் தாம் அவர்களைக் காத்தலே கடவுளுக்கு உகந்ததென்றும் காரணங்காட்டினார். முன்னோரெல்லாம் சென்ற வழியை, அன்பிற்குரிய அரசரே அழைக்கவும் மறுப்பது எளிதன்று. ஆயினும் ஆக்கரில் தங்கச் செய்ததும் ழுவான்வில்லில் தங்கச் செய்ததும் ஒரே உள்ளமன்றோ? எளியோரைக் கைவிடலாகாதென்னும் அறமே இரண்டிடத்தும் அவரை ஆண்டது. 1270-இல் மன்னர் தூனிஸ் நகரருகே நோயால் இறந்தார்.

1297-இல் திருச்சபை லூயி மன்னரைப் புனிதராக உயர்த்தியது. நவார் அரசி ழான் வேண்டியதற்கிணங்க, முதுமையிலே மன்னரின் வரலாற்றை எழுதத் தொடங்கிய பிரபு, 1309-இல் அதை நிறைவேற்றி, அதற்குள் இறந்துபோன அவ்வரசியின் மைந்தர் லூயிக்கு அளித்தார். மன்னரைப் போற்றிய அந்நூலிலேயே, தாம் அவரொடு மாறுபட்ட இடங்களையும் மறையாது வரைந்தார். 1317-ஆம் ஆண்டு டிசம்பர் 24-ஆம் நாள் தொண்ணூறு வயது கடந்து இறைவனடி சேர்ந்தார்.

இவர் தம்பி ழொப்ருவா அயர்லாந்து சென்று திரிம் நகர்த் தலைவராகி, 1308-இல் துறவு பூண்டார். ழுவான்வில் உரிமை, ழானின் வழித்தோன்றலாகிய மார்கரீத் வாயிலாக லொரேன் குடியைச் சேர்ந்து, பின் கீஸ் கோமக்கள் கைக்குச் சென்றது. ஸ்காத்லாந்து அரசி மேரியின் தாயார் அக்குடியினரே. குன்றின்மேல் நின்ற கோட்டை பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் இடிக்கப்பட்டது. கல்லாலான காப்பு அழிந்தது. குடிகளைக் காக்க வீட்டில் தங்கியவரின் பெயர் நிலைத்தது. இதனை நாம் சிந்தித்தல் நலம்.