கம்பியின் வெப்பம் கண்ட கிருஷ்ணன்

இராமன் விளைவு என்றதும் சர் சி. வி. இராமனை உலகம் நினைக்கிறது. 1928-ஆம் ஆண்டு அந்த ஆராய்ச்சியில் அவருக்குத் துணைநின்ற இளைஞரை நினைப்பவர் சிலரே. அவர்தாம் டாக்டர் கே. எஸ். கிருஷ்ணன். அவர் தம் வாழ்வின் கடைசிப் பதினான்கு ஆண்டுகளை நம் டில்லியில் கழித்தவர். வெப்பத்தைப் பற்றி அரிய ஆராய்ச்சிகளை இங்கிருந்தே செய்தவர்.

திருவில்லிபுத்தூரை அடுத்த வத்திராயிருப்பில் 1898 டிசம்பர் 4-ஆம் நாள் அவர் பிறந்தார். மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறித்துவக் கல்லூரியிலும் பயின்றார். 1920-இல் கல்கத்தா சென்றார். பின்னர் இராமனிடம் ஆராய்ச்சி மாணவரானார். டாக்காவில் படிகங்களின் காந்தப் பண்புகளை ஆராய்ந்து புகழ் பெற்றார். 1940-இல் இலண்டன் இராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக ஏற்றது. 1942 முதல் அலகாபாத்தில் பேராசிரியர். 1947-இல் டில்லி தேசியப் பௌதிக ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநரானார்.

பதவி வந்தால் ஆராய்ச்சி போகும் என்பர். கிருஷ்ணனிடம் அது நடக்கவில்லை. அலுவல் கோப்புகளுக்கு நடுவே, ஜெயின் என்ற இளம் ஆய்வாளருடன் சேர்ந்து, எளிதாய்த் தோன்றும் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டார். காற்றற்ற குழலில் மெல்லிய கம்பி ஒன்றை மின்சாரத்தால் சூடாக்கினால், அதன் ஒவ்வொரு புள்ளியிலும் வெப்பநிலை என்ன? நடுப்பகுதி ஒரே சீராய்த் தகிக்கும். முனைகளோ தாங்கிகளுக்கு வெப்பத்தைக் கொடுத்துக் குளிர்ந்திருக்கும். கம்பி முழுவதற்கும் ஒரே வெப்பநிலை என்று கொண்டால் கணக்குப் பிழைத்துவிடும். அந்த ஏற்றத்தாழ்வை அவர்கள் கணிதத்தில் வடித்து, 1954-இல் இராயல் சொசைட்டி ஏட்டில் வெளியிட்டார்கள்.

இதனால் யாருக்கு என்ன பயன் என்று கேட்கலாம். ஆழ்கிணறு தோண்டுவோரைக் கேளுங்கள். அங்கே துளைக்குழாய் வழியே சேற்றுக் குழம்பைக் கீழே செலுத்துகிறார்கள். அது அடியிலுள்ள சூடான பாறையிடம் வெப்பத்தை வாங்கிக்கொண்டு, குழாய்க்கு வெளியே உள்ள இடைவெளி வழியே மேலேறி, குளிர்ந்த மேற்பாறைக்குக் கொடுக்கிறது. ஆகவே குழம்பு ஓடும்போது அடியில் கிணறு பாறையைவிடக் குளிர்ந்தும், மேலே பாறையைவிடச் சூடாயும் இருக்கும். இதை அறியாமல் சிமெண்டு இறக்கினால், அது உரிய காலத்துக்கு முன்பே இறுகி வேலையைக் கெடுக்கலாம், இறுகாமலும் நிற்கலாம். இங்கும் வழி ஒன்றே: சிறுசிறு துண்டாய்ப் பிரித்து, ஒவ்வொன்றிலும் வெப்பத்தின் வரவு செலவு பார்ப்பது. ஃபூரியர் 1822-இல் தம் நூலில் விளக்கிய முறை இது. கம்பிக்கும் பொருந்தும், கிணற்றுக்கும் பொருந்தும்.

கிருஷ்ணன் தமிழை மறந்தவரல்லர். வடபுலத்தில் வாழ்ந்தபோதும் தமிழில் விஞ்ஞானக் கட்டுரைகள் எழுதினார். 1961 ஜூன் மாதம் டில்லியில் மறைந்தார்.

சரோஜினி நகரில் தங்கி, நாள் முழுதும் சமன்பாடுகளோடு போராடும் நம்மிற் சிலருக்கு, இந்தச் சிறு கணக்கால் ஆவதென்ன என்ற சோர்வு வருவதுண்டு. ஆய்வுக்கூடம் இருக்கும் பூசாப் பக்கம் ஒருமுறை போய் வாருங்கள். அங்குள்ள சாலைக்கு அவர் பெயரையே இட்டிருக்கிறார்கள். உலகப் புகழ் பெற்ற பின்னும் ஒரு கம்பியின் முனை ஏன் குளிர்கிறது என்று கேட்டு உட்கார்ந்தவர் அவர்.