சகுந்தலையைத் தீட்டிய கை

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பழைய வீடுகளின் பூசையறைச் சுவரிலே, தாமரைமேல் நிற்கும் இலக்குமியையும் வீணையேந்திய கலைமகளையும் கண்டு வளர்ந்தோர் பலர். அவ்வுருவங்களைத் தீட்டிய கை ஒன்றுண்டு என்பதை அவர்களுள் எத்தனைபேர் எண்ணியிருப்பர்?

இரவிவர்மா 1848ஆம் ஆண்டு ஏப்பிரல் 29ஆம் நாள் திருவிதாங்கூரைச் சேர்ந்த கிளிமானூரிலே பிறந்தார். தாயார் கவிபாட வல்லவர். மாமன் இராசராசவர்மா ஓவியப் பயிற்சியுடையவர். மருமகன் சுவரிலே கரியால் வரைந்தவற்றைக் கண்டு மாமன் கடியாது மகிழ்ந்தார் என்பர். அவரே 1862இல் சிறுவனைத் திருவனந்தபுரத்துக்கு அழைத்துச் சென்று, ஆயிலியம் திருநாள் மகாராசாவின் ஆதரவில் விட்டார்.

அங்கே நீர்வண்ணம் கற்பித்தவர் மதுரையைச் சேர்ந்த இராமசாமி நாயுடு. நீர்வண்ணம் விரைவில் உலர்வது. இட்ட கோட்டை மாற்ற இடந்தராது. எண்ணெய் வண்ணமோ மெல்ல உலர்வது. நிறத்தோடு நிறம் குழைந்து, மேனியின் மினுக்கையும் பட்டின் மடிப்பையும் காட்டவல்லது. அந்த வித்தையை மட்டும் ஆசிரியர் கற்பிக்க மறுத்தாராம். அவர் மாணாக்கர் ஆறுமுகம்பிள்ளை என்பவர் இரவுகளில் மறைவாக வந்து உதவினார் என்று சொல்லுவர். 1868இல் வந்த தியடோர் சென்சன் என்னும் ஐரோப்பிய ஓவியரும் தாம் தீட்டுவதைப் பார்த்திருக்க மட்டுமே இசைந்தார். கண்ணாற் களவாடியே கற்றார் எனலாம்!

1873இல் சென்னைக் கண்காட்சியிலே தங்கப்பதக்கம் கிட்டியது. 1876இல் வந்தது சகுந்தலை மடல் எழுதும் படம். காளிதாசனுடைய நாடகத்தின் மூன்றாம் அங்கத்திலே, காதல்நோயுற்ற சகுந்தலை தாமரையிலையில் நகத்தாற் கடிதம் வரையும் கட்டம் அது. தோழியர் இருவரும் அருகிருக்க, எழுதவேண்டிய சொல்லைத் தேடி அவள் சிந்தை எங்கோ செல்கிறது. சென்னை ஆளுநர் பக்கிங்காம் பிரபு அதனை விலைக்குக் கொண்டார். நாடகத்தை ஆங்கிலப்படுத்திய மோனியர் வில்லியம்சும் தம் நூலின் முகப்புக்கு அதனையே வேண்டிப் பெற்றார்.

1898இல் தீட்டிய மற்றொரு படத்திலே, காலில் முள் தைத்ததாகப் பாவனை செய்து சகுந்தலை திரும்பி நோக்குகிறாள். கொழும்பிலே 1877இல் பிறந்த நம் ஆனந்த குமாரசுவாமிக்கு இத்தகைய படங்கள் உவக்கவில்லை. இவை நாடகமேடைத் தோற்றங்களேயன்றி இந்திய உள்ளத்தில் விளைந்தவையல்ல என்று அவர் கண்டித்தார். அக்கண்டனத்தை முற்றத் தள்ளவியலாது. பெண்களின் நிலையிலும் நோக்கிலும் மேடையின் சாயல் உண்டுதான். ஆயினும் நாடகத்தைத் தீட்டப் புகுந்தவனிடத்தே மேடையின் சாயலைக் குற்றமாக்குவது எவ்வாறு பொருந்தும்?

1894இல் பம்பாயிலே அச்சுக்கூடம் நிறுவினார். அதன் முதற் படமும் சகுந்தலையின் பிறப்பே. கோயிலுக்குள் செல்ல இயலாதார் வீட்டிலும் தெய்வப்படங்கள் புகுந்தது அவ்வாறே. ஆனால், கடன் மிகுந்தது. 1901இல் செருமானியர் ஒருவருக்கு அச்சுக்கூடம் கைமாறியது. உடனிருந்து தீட்டிய தம்பியும் 1905இல் மறைந்தார்.

1906 ஒக்டோபர் 2ஆம் நாள் கிளிமானூரிலேயே இரவிவர்மா காலமானார். மறைமலையடிகளின் சாகுந்தலத் தமிழாக்கம் அடுத்த ஆண்டு வெளிவந்தது.